ஏக்கர் ஒரு சென்ட்டுக்கும் கீழே: ஜேம்ஸ் பவரின் நிலக்கணக்கு

1834-இல், மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸின் கடலோரத்தில் குடியேறிய ஓர் ஐரிஷ் குடும்பத்துக்கு 4,428 ஏக்கர் நிலம் கிடைக்கும். அரசுக்குக் கட்டவேண்டிய கிரயம் 30 டாலர். வகுத்தால் ஏக்கருக்கு 0.68 சென்ட் வருகிறது. (மெக்சிகோவின் வெள்ளிப் பேசோவும் அமெரிக்க டாலரும் அன்று ஏறக்குறைய சமம் என்பதால் எல்லாவற்றையும் டாலரிலேயே எழுதுகிறேன்.)

அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் பொது நிலத்தை ஏக்கர் 1.25 டாலருக்கு விற்றது. குறைந்தது 40 ஏக்கர் வாங்க வேண்டும், பணம் முழுவதும் ரொக்கம். அதாவது 50 டாலர் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. டெக்சஸில் கிடைத்த அளவை அமெரிக்க விலையில் வாங்க 5,535 டாலர் தேவைப்பட்டிருக்கும், 184 மடங்கு.

இந்த நில வாய்ப்பை அயர்லாந்துக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் பவர். வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்துக்காரர். 1809-இல் கப்பலேறி, நியூ ஆர்லியன்ஸில் வணிகம் செய்து, பிறகு மெக்சிகோவில் கால் ஊன்றியவர். கில்கெனியிலிருந்து வந்த ஜேம்ஸ் ஹியூவெட்சனைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, 1828 ஜூன் 11 அன்று கொவாவிலா–டெக்சஸ் மாநில அரசுடன் குடியேற்ற ஒப்பந்தம் செய்தார். கணக்கு: 200 கத்தோலிக்கக் குடும்பங்கள், பாதி ஐரிஷ், பாதி மெக்சிகோ. மெக்சிகோவின் 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்கர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. ஐரோப்பியரை அது தொடவில்லை. எனவே 1833-இல் பவர் ஆள் திரட்டப் போனது தன் சொந்த ஊர்ப்பக்கத்துக்கே.

அவருடைய வரவு விற்பனைப் பணத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பங்கள் கட்டும் 30 டாலர் மாநிலத்துக்குப் போகும். மாநிலத்தின் 1825 மார்ச் 24 சட்டப்படி, 100 குடும்பங்களைக் கொண்டுவருபவருக்கு 5 சிட்டியோவும் 5 லபோரும் பரிசு. ஒரு சிட்டியோ 4,428 ஏக்கர், ஒரு லபோர் 177 ஏக்கர். 200 குடும்பங்களும் வந்து சேர்ந்தால்:

குடும்பங்களுக்கு: 200 × 4,428 = 8,85,600 ஏக்கர்
மாநிலத்துக்கு: 200 × 30 = 6,000 டாலர்
ஒப்பந்தக்காரர்களுக்கு: 10 சிட்டியோ + 10 லபோர் = சுமார் 46,050 ஏக்கர்

ஒரு குடும்பத்துக்கு 230 ஏக்கர் வீதம் கூலி. அமெரிக்க விலையில் அது 288 டாலர். டெக்சஸ் கிரயத்தில் வெறும் ஒன்றரை டாலர். குடும்பங்களைத் தன் செலவில் கொண்டுவர வேண்டும், ஆறு ஆண்டுக் கெடு, எண்ணிக்கை 100-ஐத் தொடாவிட்டால் ஒப்பந்தமே ரத்து. ஆள் வந்து நிலத்தில் நின்றால்தான் வரவு.

ஏறத்தாழ 350 பேர் புறப்பட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் காலரா பிடித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள், பிள்ளைகளை இழந்த பெற்றோர் எனப் பயணம் குலைந்தது. டெக்சஸ் கரையில், அரன்சாஸ் முகத்துவாரத்தில் கப்பல்கள் மணல்திட்டில் தட்டின. கலப்பையும் தட்டுமுட்டுச் சாமானும் கடலோடு போயின. ஏக்கர் 0.68 சென்ட் என்று பெருமையாகச் சொல்லும் எந்த வரலாறும் இந்தச் செலவைச் சேர்க்காவிட்டால் கூட்டல் தப்பு. வெக்ஸ்ஃபர்டில் ஒரு துண்டு நிலத்துக்கு வாழ்நாள் முழுக்கக் குத்தகை கட்டியவர்கள் ஏன் இதற்குத் துணிந்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. சொந்தப் பெயரில் பத்திரம் என்பது அவர்களுடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கிடைக்காதது.

பத்திரங்கள் 1834-இல், குடியேற்றத்தின் ஊரான ரெஃபூஹியோவில் கொடுக்கப்பட்டன. 30 டாலரை நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பத்துப் பத்தாகக் கட்டலாம். ஆக முதல் தவணை 1838-இல் வரும். 1836 மார்ச் 2 அன்றே டெக்சஸ் தனி நாடு என்று அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர்களில் பவரும் ஒருவர். தவணை விழும் முன்பே, வசூலிக்க வேண்டிய மாநிலத்தின் அதிகாரம் அங்கே முடிந்துபோனது. அந்த மாதமே ரெஃபூஹியோவில் சண்டை நடந்தது.

பவரின் எச்சரிக்கை தெரிவது ஓர் இடத்தில். 1824 ஆகஸ்ட் 18 கூட்டாட்சிச் சட்டப்படி, கடலிலிருந்து 10 லீக் தொலைவுக்குள் (சுமார் 26 மைல்) குடியேற்றம் வேண்டுமானால் மத்திய அரசின் ஒப்புதல் தேவை. மாநிலக் கையெழுத்து மட்டும் போதாது. குடியேற்ற ஒப்பந்தத்துக்கு அந்த ஒப்புதலை அவர் வாங்கியிருந்தார். அதே கரையில் தனக்கும் ஹியூவெட்சனுக்குமாக மாநிலத்திடம் தலைக்கு 11 லீக் பரப்பு நிலம் கிரயம் வாங்கியபோது அந்த ஒப்புதலை வாங்கவில்லை. 11 லீக் என்றால் 48,700 ஏக்கருக்கு மேல். 200 குடும்பங்களைக் கொண்டுவந்து இருவரும் சேர்ந்து ஈட்டக்கூடிய பரிசைவிட அதிகம். பின்னாளில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மத்திய ஒப்புதல் இல்லாத அந்தக் கிரயத்தைச் செல்லாது என்றது.