வசியமன்று, அறிதுயில்

காம இச்சை ஒருவனுடைய கட்டுக்கு அடங்காமல், வேலையையும் குடும்பத்தையும் நித்திரையையும் விழுங்கிக்கொண்டு, விட்டொழிக்கப் பலமுறை சங்கற்பம் செய்தும் விடமுடியாத நிர்ப்பந்தமாக ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்குமானால், அது சிகிச்சைக்குரிய மனநோய் என்று, 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் கூறுகிறது. ‘பாவம் செய்துவிட்டோமே’ என்னும் மனவேதனை மட்டும் நோயாகாது என்றும் அது வரையறுத்திருக்கிறது.

இந்நோயை மனோவசியம் தீர்க்குமா என்று கேட்பவர் பலர். வசியம் என்றதும் மையும் தாயத்தும் நினைவுக்கு வருவதால், பிறர் கட்டளைக்கு நம் மனம் அடிமையாகிவிடும் என்ற பிரமையும் உடன் வருகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரவணைமேல் பள்ளிகொண்ட ரங்கநாதர் உறங்குவார்போல் இருந்தும் யாவும் அறிந்திருக்கும் நிலையை நம் முன்னோர் அறிதுயில் என்றார்களே, அச்சொல்லே மனோவசிய நிலைக்குப் பொருந்தும்.

நோயாளி நாற்காலியில் சாய்ந்து, கண்மூடி, மூச்சின் போக்கைக் கவனிக்கிறார். மருத்துவர் தாழ்ந்த குரலில் அவரை நள்ளிரவுக்கு அழைத்துச் செல்கிறார்: வீடு உறங்குகிறது, கை செல்போனைத் தேடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, படபடப்பு தானே தணிய, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவர் எழுந்து போகிறார். இதனை ஒத்த கற்பனைப் பயிற்சி இச்சையின் வேகத்தைக் குறைத்ததாக ஆஸ்திரேலிய மருத்துவர் மக்கோனகி 1985-இல் எழுதினார். ஆயினும் அறிதுயில் சிகிச்சைக்கென்று பெரிய ஆய்வுகளின் ஆதாரம் இன்னும் திரளவில்லை. எனவே சிந்தனைப் போக்கைத் திருத்தும் உளவியல் சிகிச்சைக்கும், தேவையான இடத்தில் மருந்துக்கும் அது துணையாக நிற்கலாமேயன்றி, அவற்றின் ஸ்தானத்தைப் பிடிக்கலாகாது. ஒரே அமர்வில் குணமாக்குவேன் என்பவரை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

1974-இல் உருவான பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில், இணையமும் செல்போனும் எல்லை மீறிய பழக்கமாகிவிட்டவர்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடந்துவருகிறது. ஆபாசக் காட்சிகளிலிருந்து மீளத் துடிப்பவர்களும் அங்கே வருகிறார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி மருத்துவரின் கடமை.

வெட்கம் இந்நோயை வளர்க்கிறது. வாய்திறந்து சொல்வதே வைத்தியத்தின் தொடக்கம். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.