வெயிலுக்கு இரண்டு கூரை

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெடாவின் ரப்பர் தோட்டங்கள் இலைகளை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஆண்டு முழுவதும் நிழல் கொடுத்த மரங்கள், வெயில் கொளுத்தும் அந்த வாரங்களில்தான் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. அண்டை மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானதை நினைத்துப் பாருங்கள். வட மாநிலங்களின் வெயில் அப்படிப்பட்டது.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் பழைய மோரிஸ் மைனரையோ, 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவையோ ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு இது சோதனைக் காலம். நண்பகலில் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். "கூரைக்கு அடியில் எதையாவது ஒட்டிவிடலாம்" என்று பலரும் யோசனை சொல்வார்கள். எதை, எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் செய்தால் காசும் போகும், கூரையும் துருப்பிடிக்கும்.

இதற்கான பாடம் நம் தோட்டத்து மண் சாலைகளிலேயே ஓடியிருக்கிறது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், அவசரகாலத்தின்போது மலாயாவில் இராணுவத்திடமும் தோட்டத் துரைமார்களிடமும் இருந்தது. வெப்ப நாடுகளுக்காக அந்த வண்டிக்கு 'டிராப்பிக்கல் ரூஃப்' என்ற தனிக் கூரை கிடைத்தது. வழக்கமான கூரைக்கு மேலே, சிறிது இடைவெளி விட்டு, இன்னோர் அலுமினியத் தகடு. அவ்வளவுதான். மேல் தகடு வெயிலைத் தாங்கிக்கொள்ளும். கீழ்க் கூரை நிழலில் இருக்கும். வண்டி ஓடும்போது இடைவெளியில் புகும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.

பள்ளியில் படித்த பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். வெப்பம் மூன்று வழிகளில் பரவும்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. கார்க்கூரையின் எஃகுத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் கொண்டது. எஃகு, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, மேலே விழும் வெயிலை இந்தத் தகடு தடுக்கவே தடுக்காது. கருநிறக் கூரை நண்பகலில் 70 டிகிரியை எளிதில் எட்டிவிடும்.

அந்தச் சூடு உட்கூரைத் துணிக்கு எப்படி வருகிறது? பழைய கார்களில் தகட்டுக்கும் துணிக்கும் இடையே காற்று இருக்கும். சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. இங்கே சூடு ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. அதனால் அந்தக் காற்று அதிகம் சுழலாது, சலனம் குறைவு. பெரும் பங்கு வருவது கதிர்வீச்சாகத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். தகடு 70 டிகிரி, துணி 35 டிகிரி, இடைவெளி 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கதிர்வீச்சாக இறங்குவது சுமார் 220 வாட். காற்றின் வழியே கடத்தலாக வருவது சுமார் 45 வாட். இப்போது தகட்டின் அடிப்பக்கத்தில் பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டப்படுகிறது. பளபளப்பான அலுமினியம் மிகக் குறைவாகவே வெப்பக் கதிர்களை வெளிவிடும். கதிர்வீச்சு 220 வாட்டிலிருந்து 14 வாட்டுக்கு இறங்கிவிடும். கடத்தலையும் சேர்த்தால், முன்பு வந்த வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அலுமினியத்தின் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். உட்கூரைத் துணி அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால், அலுமினியம் வெறும் உலோகமாகி வெப்பத்தைத் தாராளமாகக் கடத்திவிடும். பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது இங்கேதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு மைலோ டின்களைக் கறுப்புச் சாயம் பூசி, மூடி, வெயிலில் வையுங்கள். ஒன்றின் மேல் மட்டும், நான்கு மூலைகளில் சிறு குச்சிகள் வைத்து, 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அட்டையை நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டின் மூடியையும் தொட்டுப் பாருங்கள். லேண்ட் ரோவரின் கூரை உங்களுக்குப் புரிந்துவிடும்.

மோரிஸ் மைனரின் தலைமேல் இன்னொரு தகட்டைப் பொருத்தினால் அதன் அழகு போய்விடும். அதனால் உள்பக்கமாகத்தான் வேலை செய்ய வேண்டும். உட்கூரைத் துணியைக் கழற்றியதும் முதலில் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புச் சாயம் பூசுங்கள். பிறகு, ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டிய, மூடிய குமிழ்கள் கொண்ட நுரைத்தாளைத் தகட்டோடு காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டுங்கள். அலுமினிய முகம் கீழே பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் தூசி படியாது, பளபளப்பும் மங்காது. எளிதில் தீப்பற்றாத தாளையும், வெப்பம் தாங்கும் பசையையும் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பசை 70 டிகிரியில் இளகித் தாள் தொங்கிவிடும்.

சாதாரண ஸ்பாஞ்சை ஒருபோதும் வைக்காதீர்கள். இரவில் கூரைத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிரும். நம் ஊரின் ஈரக்காற்று அதில் பட்டு நீர்த்துளியாகும். ஸ்பாஞ்ச் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கூரை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சாயம் கொப்பளிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். தார் கலந்த கறுப்புத் தாளும் வேண்டாம். அது தகட்டின் அதிர்வையும் இரைச்சலையும் குறைக்கத்தான். சூட்டைத் தடுப்பதற்கு அல்ல.

நிறமும் உதவும். 2011இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம், ஒரே மாதிரியான இரண்டு ஹோண்டா சிவிக் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்தது. ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளி நிறம். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை கூடுதல் சூடாக இருந்தது. உள்ளிருந்த காற்றிலோ வித்தியாசம் 5 முதல் 6 டிகிரிதான். கூரைக்கு வெள்ளை பூச நினைத்தால், பதிவில் நிற மாற்றம் தேவையா என்று சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரையில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் உள்ளே ஏன் இவ்வளவு குறைவு? காரணம் கண்ணாடி. வெயில் கண்ணாடி வழியாக நேராக உள்ளே வந்து, இருக்கையையும் டேஷ்போர்டையும் சூடாக்குகிறது. கூரைக்கு எவ்வளவு செலவழித்தாலும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைப்பது செலவு குறைந்த நல்ல வழி.

ஆகவே, கூரையைச் சரிசெய்துவிட்ட தைரியத்தில் பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக நினைக்காதீர்கள். 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 22 முதல் 36 டிகிரி வரை வெப்பமுள்ள நாள்களில் நிறுத்திய காரை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிட்டது. சன்னலைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய பலனில்லை. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட மிக விரைவாகச் சூடேறும்.

கூரைக்கு அடியில் ஒட்டும் தாள், ஓடும் காரில் உங்கள் தலையைக் காக்கும். நிறுத்திய காரில் அது உயிரைக் காக்காது. இறங்கும்போது பின்இருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.