இணைய உலாவியிற் குறுக்குவிசை மாற்றம்

விசைப்பலகையின் மீதிருக்கும் கையை எடுத்துச் சுட்டியைப் பற்றி, அம்புக்குறியைத் திரையின் மேல்மூலைக்கு நகர்த்தி, ஆங்குள்ள சிறுகுறியை அழுத்துதல் அரியதொரு வேலையன்று. ஆயினும் நாள்தோறும் பலகால் அது செய்யப்படுமிடத்துக் கைக்கு வருத்தமும் கருத்துக்குச் சிதைவும் உண்டாதல் கண்கூடு. இவ்விடர் நீங்கும்பொருட்டு எழுந்தனவே குறுக்குவிசைகள். கொன்ட்ரோல் விசையுடன் டி என்னும் எழுத்தை அழுத்தப் புதிய தாவல் திறக்கும்; டபிள்யூவை அழுத்த அது மூடும்.

குறுக்குவிசை என்பது ஒரு கட்டளைக்கும் ஒரு விசைக்கூட்டுக்கும் இடையே செய்துகொள்ளப்பட்ட உடன்பாடேயன்றிப் பிறிதன்று. இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி, காரணக்குறி என வகுத்தவாறு இவற்றையும் வகுத்தல் கூடும். நகலெடுத்தலுக்குச் சி என்பது ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாதலிற் காரணக்குறி. ஒட்டுதலுக்கு வி என்பதோ அத்தகைய முதலெழுத்துத் தொடர்பின்றிச் சியின் அயலிலே கிடப்பது. இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கும் பலகையின் கீழ்வரிசையில் இடப்புறத்தே அடுத்தடுத்துள்ளன. 1983 இல் வெளிவந்த ஆப்பிள் லீசா கணினியிற் கையாளப்பட்ட இவை இன்றும் நிலைத்துள்ளன. வலக்கை சுட்டியில் இருக்க இடக்கையே இவற்றை இயக்கவல்லது.

அயலிருப்பு எப்போதும் நன்மையே தருமென்பதில்லை. 1874 இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த தட்டச்சுப்பொறியின் எழுத்தொழுங்கு சிற்சில மாற்றங்களுடன் இன்றும் வழங்குகின்றது. இவ்வொழுங்கில் கியூவும் டபிள்யூவும் அடுத்தடுத்து நிற்பன. லினக்ஸ் கணினியில் இயங்கும் பயர்பொக்ஸில் டபிள்யூ ஒரு தாவலை மூட, கியூ உலாவி முழுவதையுமே மூடிவிடும். விரல் ஓரிடம் தவறின் திறந்துவைத்த பக்கங்கள் யாவும் ஒருங்கே மறைதல் கூடும். தட்டச்சுப்பொறியை ஆக்கியோர் இதற்குப் பொறுப்பாளரல்லர். அவர் அறிந்தது தாளும் மையுமே.

நிற்க. குறுக்குவிசையை மாற்றும் உரிமை பயன்படுத்துவோர்க்கோ ஆக்குவோர்க்கோ என்னும் வினாவைத் தெளிவுற எழுப்பியது பாக்ஸ்பேஸ் விசையின் வரலாறாகும். இவ்விசை எழுதுமிடத்தில் எழுத்தை அழிப்பது; எழுதுமிடத்துக்குப் புறத்தே நெடுங்காலம் முற்பக்கத்துக்கு மீட்டுச் செல்வதாகவும் இருந்தது. ஒருவன் நீண்டதொரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றான் என்க. எழுதும் பெட்டியினின்றும் குறி விலகியதை அறியாது ஓரெழுத்தை அழிக்க முற்படுகின்றான். உடனே பக்கம் பின்செல்ல, எழுதிய அனைத்தும் அழிந்தொழியும். ஒரே விசை இருவேறு இடங்களில் இருவேறு பொருள் தந்தமையே இக்கேட்டுக்குக் காரணம். இதனையுணர்ந்த குரோம் உலாவியினர் 2016 இலும் பயர்பொக்ஸினர் 2021 இலும் அப்பழைய பொருளை நீக்கினர். ஓல்ட் விசையுடன் இடப்புற அம்புவிசையை அழுத்துதலே இப்போது முற்பக்கம் செல்லும் வழி.

நீக்கியது தக்கதே. ஆனால் பல்லாண்டு பழகிய விரல்களுக்கு அது இழப்பாகவே தோன்றியது. பயர்பொக்ஸில் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்றுண்டு. ஆங்கு இவ்விசைக்குரிய பெறுமானம் 0 ஆயின் முற்பக்கம் செல்லும், 1 ஆயின் பக்கம் மேலே நகரும், 2 ஆயின் யாதும் நிகழாது. குரோமிலோ அதனை விரும்புவோர்க்கென ஆக்கியோரே தனியானதொரு நீட்சியை வெளியிட்டனர். பழமையை வேண்டுவோன் தேடிச்சென்று பெறுதலும், அறியாதான் காக்கப்படுதலும் ஒருங்கே அமைந்த இவ்வேற்பாடு பாராட்டற்குரியது. எனினும், அமைப்பைக் கண்காணாவிடத்தில் வைத்தமை குறையே.

விசைகளை மாற்றும் வழிகளுள் முதலாவது, உலாவியே அதற்கு இடந்தருதல். 2016 இல் முதற்பதிப்பு வெளிவந்த விவால்டி இதிற் சிறந்தது. அதன் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியைத் திறந்தால் கட்டளைகள் நிரலாகத் தோன்றும். வேண்டிய கட்டளையின் பெட்டியிற் குறியை வைத்து விரும்பிய விசைக்கூட்டை அழுத்தினால் அதுவே பதிவாகும். மக் கணினியில் இயங்குதளமே இவ்வுதவியைச் செய்யும். ஆயின் பட்டியிலுள்ள கட்டளையின் பெயரை ஓரெழுத்தும் பிசகாது தட்டச்சிடல் வேண்டும்.

மற்றொரு வழி நீட்சிகள். 2017 நவம்பரில் பயர்பொக்ஸின் 57 ஆம் பதிப்பு வெளிவருமுன் நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்புகளையே மாற்றவல்லனவாய் இருந்தன. பாதுகாப்பும் விரைவும் கருதி அவ்வுரிமை களையப்பட்டமையால் விம்பரேற்றர் போன்றவை வழக்கொழிந்தன. விமியம் என்னும் நீட்சி இன்று பலராற் கையாளப்படுகின்றது. இதில் ஜே பக்கத்தைக் கீழும், கே மேலும் நகர்த்தும். இவ்வெழுத்துகளின் பிறப்பு சுவையானது. 1976 இல் பில் ஜோய் வீஐ என்னும் தொகுப்பியை இயற்றியபோது அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. பொறி மறைந்தது, பழக்கம் மறையவில்லை. எனினும் நீட்சிக்கும் எல்லையுண்டு: உலாவியின் சொந்த அமைப்புப் பக்கங்களில் அது இயங்காது.

தமிழில் எழுதுவோர்க்கு ஈண்டு ஓரிடர் உண்டு. தமிழ்99 போன்றதொரு விசையொழுங்கு இயங்கும் வேளையில் ஜே விசையை அழுத்தினால் உலாவியை அடைவது தமிழெழுத்தே. ஆதலின் நீட்சி வாளாவிருக்கும். விசை தரும் எழுத்து வேறு, விசையின் இடம் வேறு. உலாவி இவ்விரண்டனையும் தனித்தனியே அறிவிக்குமாதலின், இடத்தையே நோக்குமாறு பணிக்கும் தெரிவு விமியத்தில் உளது. அதனை அறியாதார் நீட்சி பழுதென்று அகற்றிவிடுவர்.

ஒற்றையெழுத்துக் குறுக்குவிசைகளால் மற்றொரு சாராரும் இடர்ப்படுவர். கையால் விசையை இயக்கவியலாது குரலாற் கணினியை நடத்துவோர் ஒரு சொல்லைக் கூற, அது எழுத்தெழுத்தாகப் பக்கத்தை அடைந்து ஒவ்வோரெழுத்தும் ஒவ்வொரு கட்டளையாய் முடிதல் கூடும். கடிதத்தைத் தேட எண்ணியவன் கடிதத்தை அழித்தவனாவான். ஆதலாலேயே 2018 ஜூனில் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1 ஆம் பதிப்பு, அத்தகைய விசைகளை நிறுத்தவோ மாற்றவோ வழி இருத்தல் வேண்டும், அன்றேல் குறி அவ்வுறுப்பின்மீது இருக்கும்போது மட்டுமே அவை இயங்கல் வேண்டும் என விதித்தது. வசதி கருதி விசை மாற்றுவோர்க்கு விருப்பமாயிருப்பது இவர்க்கு இன்றியமையாததாகின்றது.

பலர் பயன்படுத்தும் பொதுக்கணினியில் மாற்றம் செய்வோர் தமக்கெனத் தனிக் கணக்கொன்றை உலாவியில் அமைத்து அதனுட் செய்தலே முறை. அன்றேல் அடுத்து வந்தமர்வோன் தாவலை மூடக் கருதி வேறொன்றைத் திறந்து மயங்குவான்.