மொட்டை மாடிக்கு எல்.இ.டி லைட் போடப் போறீங்களா? பல்புக்கு முன்னாடி வயரைப் பாருங்க!

ஆடித்தபசு நெருங்கினால் சங்கரன்கோவிலில் கோயில் கோபுரத்தில் மட்டுமில்லை, பல வீட்டு மொட்டை மாடிகளிலும் சீரியல் லைட் ஏறிவிடும். திருவிழா முடிந்ததும் அதைக் கழற்றிச் சுருட்டி அட்டைப் பெட்டியில் போடுவதுதான் பழைய வழக்கம். இப்போது மாடியிலேயே நாலு சேர், ரெண்டு பூந்தொட்டி, நிரந்தரமாக ஒரு லைட் செட்டிங் என்று ஆசை வளர்ந்திருக்கிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு, ஊருக்கு வரும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிவிடுகிறார்கள்.

எந்த மாடல், என்ன கலர், எத்தனை வாட் என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. மழையில் நனைந்த தளம், வெறுங்கால், 230 வோல்ட்: இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேரும் என்பது கடைசியில்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எம்சிபி இருக்கே, போதாதா?

போதாது. எம்சிபி காப்பாற்றுவது வயரை, மனிதரை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால் அதற்கும் மேலே கரண்ட் ஓட வேண்டும். ஆனால் ஒருவரின் உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். அதனால்தான் ஆர்சிசிபி தேவை. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கேயாவது கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்றே கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் இருக்கும், அவை உயிர் பாதுகாப்புக்கானவை அல்ல.

ஒரு பழைய தலைவலி இதில் உண்டு. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஆர்சிசிபி மாட்டினால் அடிக்கடி விழும். "தொல்லையா இருக்கு, கழட்டி விட்டுருங்கண்ணே" என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் பழுது ஆர்சிசிபியில் இருக்காது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் எங்கேயோ ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டுமே தவிர, பாதுகாப்பைக் கழற்றக் கூடாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம்.

அப்புறம், துணி காயப்போடும் கொடிக்கம்பி. லைட் வயரை அந்தக் கம்பியிலேயே சுற்றிக்கொண்டு போவது நம்மூரில் சாதாரணமாகப் பார்க்கும் காட்சி. காற்றில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்தால், ஈரத் துணியோடு வரும் அம்மாவுக்கு அந்தக் கம்பியே கரண்ட் கம்பி ஆகிவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் சங்கரன்கோவில் பக்கம் காற்று எப்படி வீசும் என்று சுற்றியுள்ள காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். லைட் வயருக்குத் தனியாக பிவிசி பைப் போட்டுவிடுங்கள்.

பெட்டியில் என்ன பார்க்கணும்?

ஐபி என்று தொடங்கும் எண்ணை. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 என்றால் வீட்டுக்குள் மட்டும். திறந்த மாடிக்கு ஐபி65 இருந்தால் தூசியும் உள்ளே போகாது, பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும். கூடவே பிஐஎஸ் முத்திரையும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்.இ.டிக்கு மழையை விடப் பெரிய எதிரி வெயில். பல்பு 'போச்சு' என்று நாம் தூக்கிப் போடும்போது, பல நேரம் கெட்டது உள்ளே இருக்கும் டிரைவர்தான். அதிலுள்ள கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. அதனால் 12 அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப் போடுகிறவர்கள் டிரைவரை வெயிலில் வைக்காமல் படிக்கட்டு ஹெட்ரூமுக்குள் வைப்பது நல்லது. காற்றோட்டமும் வேண்டும். இதில் இன்னொரு லாபம், 230 வோல்ட் உள்ளேயே நின்றுவிடும். நனையும் இடத்துக்குக் குறைந்த வோல்டேஜ் மட்டுமே போகும்.

12ஆ, 24ஆ? நீளம் அதிகமென்றால் 24. மீட்டருக்கு 12 வாட் வீதம் 5 மீட்டர் ஸ்ட்ரிப் 60 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர், 24 வோல்ட்டில் இரண்டரைதான். கரண்ட் கூடினால் வோல்டேஜ் வழியிலேயே இறங்கி, ஸ்ட்ரிப்பின் கடைசி முனை மங்கலாகத் தெரியும். 60 வாட் ஸ்ட்ரிப்புக்கு 75 வாட் டிரைவராவது வேண்டும். வெட்டிய முனையை சிலிகான் வைத்து அடைக்காவிட்டால், ஐபி65 என்று அச்சடித்திருப்பதற்கு அர்த்தமே இல்லை.

வெள்ளையா, மஞ்சளா?

மஞ்சள்தான். வெள்ளை எல்.இ.டி என்பது பெரும்பாலும் நீல எல்.இ.டியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 6500 கெல்வின் 'கூல் டே லைட்'டில் நீலம் அதிகம், பூச்சிகளை அதிகம் இழுப்பதும் அதுதான். ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும்போது வித்தியாசம் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் 'வார்ம் ஒயிட்' வாங்கினால் பூச்சி முற்றிலும் வராது என்றில்லை, குறையும்.

வெளிச்சமும் கொஞ்சம் போதும். கைப்பிடிச் சுவரில் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி 3 வாட் விளக்கு ஐந்து. தினமும் நாலு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் 4 யூனிட்டைத் தாண்டாது. 50 வாட் ஃபிளட் லைட் கபடி மைதானத்துக்குச் சரி. பக்கத்து வீட்டு பெட்ரூம் ஜன்னலுக்கு?

தளத்தில் துளை போடாதீங்க

தரையில் பதிக்கும் விளக்கு போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தட்டோடு பதித்த தளத்தில் டிரில் போட்டால், அடுத்த மழையில் கீழ் ரூம் சீலிங் ஒழுகலாம். சுவரின் உள்பக்கமே பாதுகாப்பு. ஜங்ஷன் பாக்ஸுக்குள் வயர் நுழையும் இடம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நுழையும் முன் வயர் சற்றுத் தொங்கி வளைந்து மேலேறினால், அதில் வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

வாடகை வீடா? சோலார் லைட் போதும். துளையும் வேண்டாம், வயரும் வேண்டாம். பேட்டரியை மாற்ற முடிகிற மாடலாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.