பிள்ளையின் தலைவலிக்கு ரத்தம் சாட்சி சொல்லுமா?

இருதயத்தில் ஒரு சிறு துவாரம். விஞ்ஞானிகள் தேடும் தடயம்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். அம்மை கண்டால் கொப்புளம் தெரியும். தலைவலிக்கு மட்டும் வெளியே அடையாளம் இல்லை. அதனால்தான் ஒற்றைத் தலைவலியால் துடிக்கும் குழந்தைகள் பலர், “பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான்” என்று ஏச்சுக் கேட்கிறார்கள்.

ரத்தத்தைச் சோதித்து இந்த வலியைக் கண்டுபிடிக்க முடியுமா? விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள். இருதயத்தில் உள்ள ஒரு துவாரத்தையும் அவர்கள் ஆராய்ந்தார்கள்.

மூடாத கதவு

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆகவே, இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கதவு உண்டு. ரத்தம் அதன் வழியே குறுக்கே போய்விடும்.

குழந்தை பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் கதவு சாத்திக்கொள்ளும்; நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 4 பேரில் சுமார் ஒருவருக்கு முழுவதும் ஒட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

நுரையீரல் சல்லடை போன்றது. சிறு ரத்தக் கட்டிகளையும், ‘செரோட்டோனின்’ போன்ற பொருள்களையும் அது பிடித்து நிறுத்தும். இருமும்போதும் முக்கும்போதும் அந்தக் கதவு திறந்தால், அவை சல்லடைக்குத் தப்பி மூளைக்குப் போகலாம். அதுவே தலைவலியைக் கிளப்பலாம் என்பது ஒரு கருத்து.

அடைத்தால் தீருமா?

பிரிட்டனில் 147 பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் துவாரத்தை அடைத்தார்கள். மற்றவர்களுக்கு அடைத்ததுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். முடிவு 2008-ல் வெளியாயிற்று. தலைவலி அடியோடு நின்றவர்கள் இரு பக்கமும் 3 பேர்தான்!

ஆகவே, தலைவலிக்காக மட்டும் துவாரத்தை அடைக்கும்படி டாக்டர்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

ரத்தத்தில் தடயம்

பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் என்ற இருவர் வேறு வழியில் தேடினார்கள். ஒற்றைத் தலைவலி வந்த நேரத்தில் நோயாளிகளின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ‘சி.ஜி.ஆர்.பி.’ என்ற பொருள் அதில் மிகுந்திருந்தது. இதை 1990-ல் வெளியிட்டார்கள். வலி நடிப்பல்ல என்பதற்கு ரத்தமே சாட்சி!

இந்தப் பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்படியானால் குழந்தைக்கும் ரத்தம் சோதித்துச் சொல்லிவிடலாமே? இன்னும் முடியாது. அந்தப் பொருள் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இருதயத்தில் துவாரம் உள்ள குழந்தைக்கும் இதே நிலைதான்.

தாய்மார்கள் கவனிக்க

இன்று டாக்டருக்கு உதவுவது வீட்டார் சொல்லும் விவரமே. வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, வாந்தி உண்டா, வெளிச்சம் கண்டால் கூசுகிறதா, தூங்கி எழுந்தால் குறைகிறதா? ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குழந்தைகளுக்கு நெற்றியின் இரு பக்கமும் வலிக்கலாம். வேளைக்குச் சாப்பாடு, போதிய தூக்கம், தண்ணீர் மூன்றும் அவசியம்.

திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, பார்வை மங்கல், கை கால் பலவீனம், வலிப்பு — இவற்றில் எது கண்டாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.