முதுகில் ஒரு பேய்ப் பெட்டி!

அந்தப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டால் போதும். எப்பேர்ப்பட்ட பேயும் பிடிபட்டுவிடும்!

உண்மையில் அல்ல. சினிமாவில்!

அமெரிக்காவில் 1984-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு படம் வெளிவந்தது. அதன் பெயர் "கோஸ்ட்பஸ்டர்ஸ்". பேய் பிடிக்கும் ஆசாமிகளைப் பற்றிய சிரிப்புக் கதை.

வேலை போன பேராசிரியர்கள் மூன்று பேர். நியூயார்க் நகரில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றைப் பிடிக்கிறார்கள். "பேய் பிடித்துத் தரப்படும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். தொழில் ஓகோ என்று நடக்கிறது. நான்காவது ஆளையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு கறுப்புப் பெட்டி முதுகில் தொங்கும். அதிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயின் முனையில் துப்பாக்கி போன்ற கருவி. விசையைத் தட்டினால் மின்னல் பாயும். அந்த மின்னலில் பேய் சிக்கிக்கொள்ளும்!

அந்தப் பெட்டிக்கு "புரோட்டான் பேக்" என்று பெயர்.

படத்தைப் பார்த்த சிறுவர்கள் வளர்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள். பிள்ளை குட்டி பெற்றார்கள். தலையும் நரைத்தது. ஆனால் பெட்டி மேல் கொண்ட ஆசை மட்டும் நரைக்கவில்லை!

ஊர் கூடி இழுத்த தேர்

படத்தில் வருவது போலவே, அதே அளவில், ஒரு பெட்டி வேண்டும் என்று ரசிகர்கள் ஏங்கினார்கள். கடையில் கிடைத்ததெல்லாம் குழந்தைகள் விளையாடும் சிறு பொம்மைதான். சிலர் தாங்களே மரத்தையும் பிளாஸ்டிக்கையும் அறுத்துச் செய்துகொண்டார்கள். அதற்குப் பல மாதம் ஆகும். கைத்தொழில் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

2021-ம் ஆண்டு அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

"ஹாஸ்புரோ" என்பது அமெரிக்காவில் பெரிய பொம்மைக் கம்பெனி. அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது.

"அசல் அளவில் பெட்டி செய்து தருகிறோம். விளக்கு எரியும். சத்தம் வரும். விலை 400 டாலர். ஆனால் 7 ஆயிரம் பேர் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் செய்ய மாட்டோம்" என்பதே அந்த அறிவிப்பின் சாரம்.

400 டாலர் என்றால் அன்றைய கணக்கில் சுமார் 30 ஆயிரம் ரூபாய். பொம்மைக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

ரசிகர்கள் கேட்கவில்லை. போட்டி போட்டுக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். 7 ஆயிரம் என்ற எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிட்டார்கள்!

இந்த முறைக்குக் "கிரவுட்ஃபண்டிங்" என்று பெயர். பலர் கூடிப் பணம் போட்டு ஒரு காரியத்தை முடிப்பது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஒருவர் இழுத்தால் தேர் நகராது. ஊரே வடம் பிடித்தால் நிலைக்கு வந்து சேரும்.

நகராத தேரும் உண்டு

எல்லாத் தேரும் நகர்ந்துவிடுவதில்லை.

இதே கம்பெனி, குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சியில் வரும் "குக்கி மான்ஸ்டர்" என்ற நீல நிற பொம்மையைப் பெரிய அளவில் செய்வதாக முன்பு அறிவித்தது. 3 ஆயிரம் பேர் தேவை என்றது. அத்தனை பேர் சேரவில்லை. பொம்மை பிறக்கவே இல்லை!

அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆள் சேராவிட்டால் காரியம் அத்தோடு நின்றுவிடும்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் சேர்ந்து, பணமும் கைமாறிய பிறகு, செய்து தருவதாகச் சொன்னவர் செய்யாமல் போனால்?

அப்படியும் நடக்கிறது. "கிக்ஸ்டார்ட்டர்" என்ற அமைப்பின் வழியாகப் பணம் திரட்டிய திட்டங்களைப் பற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்தார். முடிவு 2015-ல் வெளிவந்தது. நூற்றுக்கு ஒன்பது திட்டங்களில், பணம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன பொருள் போய்ச் சேரவில்லை!

சிலர் ஏமாற்றுக்காரர்கள். ஆனால் எல்லோரும் அப்படி அல்ல. ஒரு பொருளை வீட்டு மேசையில் செய்வது வேறு. ஆயிரக்கணக்கில் செய்வது வேறு. அச்சு வார்க்க வேண்டும். பெட்டியில் அடைக்க வேண்டும். கப்பலில் ஏற்ற வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் இறங்கினால் திரட்டிய பணம் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

ஆகவே அனுபவம் உள்ள ரசிகர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். "போனால் போகட்டும்" என்று சொல்லக்கூடிய பணத்தை மட்டுமே போட வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் தொடக் கூடாது!

புதுசாக இருந்தால் பிடிக்காது!

பேய்ப் பெட்டிக்கு வருவோம். 2021-ல் பெயர் கொடுத்தவர்கள் நெடுநாள் காத்திருந்தார்கள். பெட்டி ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தது. பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது.

உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? திருப்புளியை எடுத்து அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்!

ஏன்?

படத்தில் வரும் பெட்டி புதிதாக இராது. அடிபட்டு, தேய்ந்து, மூலையில் பெயிண்ட் உரிந்திருக்கும். பேயோடு சண்டை போட்ட பெட்டி அல்லவா! ஆகவே புதுப் பெட்டியைப் பழசாக்க வேண்டும்.

அதற்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. பிரஷ்ஷில் வெள்ளி நிறப் பெயிண்டைத் தொட்டுக்கொள்வார்கள். தொட்டதில் பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிடுவார்கள். ஏறக்குறையக் காய்ந்த பிரஷ்ஷை விளிம்புகளில் லேசாக உரசுவார்கள். கறுப்புப் பெயிண்ட் உரிந்து உள்ளே இரும்பு தெரிவது போல் இருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் என்று தெரியும்!

அடுத்தது உறுப்புகள். பிளாஸ்டிக் மூட்டுகளை எடுத்துவிட்டு உலோக மூட்டுகளைப் பொருத்துவார்கள். படத்தில் அந்தப் பெட்டி, அமெரிக்க ராணுவத்தார் முதுகுப் பை மாட்டும் உலோகச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ராணுவத்தார் கழித்த அதே சட்டத்தைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள்.

பிறகு விளக்கு. பெட்டியின் அடியில் உள்ள வட்டத்தில் நான்கு சிவப்பு விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக மின்ன வேண்டும். இடது பக்கத்தில் நீல விளக்கு ஏறி ஏறி வர வேண்டும். வேகம் சற்று மாறினாலும் ரசிகர்களுக்குப் பொறுக்காது. உள்ளே இருக்கும் மின்சாரப் பலகையையே மாற்றிவிடுவார்கள்!

இப்படிக் கை வைத்தால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. வாங்கியது கம்பெனிப் பெட்டி. கை வைத்த பிறகு அது "என் பெட்டி"!

குப்பையில் பிறந்த அற்புதம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்துக்காக முதன்முதலில் செய்த அசல் சாமான்களே பெரும்பாலும் கழித்த பொருள்களில் பிறந்தவைதான்!

இதே படத்தில் பேய் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்று வரும். இரண்டு சிறகுகள் மேலே எழும்பும். விளக்குகள் மின்னும். அதன் உடல் என்ன தெரியுமா? ஷூவுக்குப் பாலீஷ் போடும் மின்சாரக் கருவி!

1977-ல் வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தில் கதாநாயகன் ஏந்தும் ஒளி வாள் உலகப் புகழ் பெற்றது. அதன் கைப்பிடியை உருவாக்கியவர் ரோஜர் கிறிஸ்டியன். லண்டனில் ஒரு கேமராக் கடையில் பழைய சாமான்களைத் துழாவினார். "கிராஃப்ளெக்ஸ்" கேமராவில் விளக்கு மாட்டும் கைப்பிடி கிடைத்தது. அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். வாள் தயார்! அந்தப் படத்தின் அரங்க அலங்காரத்துக்கு அவர் ஆஸ்கார் பரிசும் பெற்றார்.

பின்னால் ரசிகர்கள் அந்தக் கைப்பிடியைத் தேடி அலைந்தார்கள். விலை ஏறியது. பழைய கேமரா சேகரிப்பவர்களுக்குக் கோபம் வந்தது. "கேமராவுக்கு விளக்குக் கிடைக்காமல் செய்துவிட்டார்களே" என்று அங்கலாய்த்தார்கள்!

அசல் அழிகிறது

"இவ்வளவு பாடு எதற்கு? அசலையே வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம்.

வாங்கலாம். அதற்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டும்!

1939-ல் வந்த "விஸார்ட் ஆஃப் ஆஸ்" படத்தில் கதாநாயகிச் சிறுமி அணிந்த சிவப்புச் செருப்புகளில் ஒரு ஜோடி, 2005-ல் ஒரு காட்சிசாலையிலிருந்து திருட்டுப் போயிற்று. 13 ஆண்டுகள் கழித்து 2018-ல் கிடைத்தது. 2024 டிசம்பரில் ஏலம் விட்டார்கள். ஏலக் கட்டணத்தோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போயிற்று!

இன்னொரு ஜோடி வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் சம்கிகள் நிறம் மங்கத் தொடங்கின. காப்பாற்றப் பணம் வேண்டும். 2016-ல் அந்தக் காட்சிசாலை பொதுமக்களிடம் 3 லட்சம் டாலர் கேட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறு சிறு தொகையாக அனுப்பினார்கள். கேட்டதற்கு மேலேயே சேர்ந்தது. அங்கேயும் ஊர் கூடித்தான் தேர் இழுத்தது!

சினிமாச் சாமான்களை நூறு ஆண்டு இருக்க வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. படம் முடியும்வரை தாங்கினால் சரி. ரப்பர் பொடிந்துவிடும். பெயிண்ட் உரிந்துவிடும். அசல் அழிந்தாலும், அதைச் செய்த தொழிலாளியின் கைவேலையை இந்த ரசிகர்களின் நகல்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

பெட்டியால் என்ன பயன்?

பேய் வேட்டைக்காரர் வேடம் போடும் ரசிகர் சங்கங்கள் அமெரிக்காவின் பல ஊர்களில் உண்டு. பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். தர்ம காரியங்களுக்கு உண்டி குலுக்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைகளைப் பார்க்கப் போகிறார்கள்.

ஊசிக்கும் மருந்துக்கும் பயந்து கிடக்கும் குழந்தை, பேய் பிடிக்கும் மாமா வாசலில் நிற்பதைக் கண்டால் எழுந்து உட்காராமல் இருக்குமா? சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்குமா?

பேய் இருக்கிறதா, இல்லையா? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் குழந்தையின் மனத்தில் இருக்கும் பயம் என்ற பேயை அந்தப் பெட்டி விரட்டிவிடுகிறது. கொடுத்த 400 டாலர் அப்போதே செரித்துவிட்டது!