பிரிட்டன் லாட்டரிப் பணம்: யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது

பிரிட்டனின் தேசிய லாட்டரியில் முதல் குலுக்கல் நடந்தது 1994 நவம்பர் 19 அன்று. டிக்கெட் விலை ஒரு பவுண்டு. மறு ஆண்டே அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்து ஊர் கொதித்தது. வின்ஸ்டன் சர்ச்சிலின் கடிதங்களையும் குறிப்புகளையும் அவருடைய குடும்ப அறக்கட்டளையிடமிருந்து வாங்க 1.2 கோடி பவுண்டுக்கு மேல் எடுத்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில், லண்டன் ராயல் ஓபரா ஹவுஸைப் புதுப்பிக்க 7.8 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். வாராவாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அரங்கின் வாசற்படியை மிதித்தவர்கள் அல்லர்.

லாட்டரி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு வேறு. அரசே உரிமம் கொடுத்து விற்கச் செய்தபின், கையில் சேர்ந்த பணம் யாரிடம் திரும்புகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு ஒரு பவுண்டு பெரிய பங்கு. வசதியுள்ளவருக்கு அது சில்லறை. அதனால் லாட்டரியில் சேரும் பணத்தின் சுமை ஏழையின் மேல்தான் கூடுதலாக விழுகிறது. அந்தப் பணத்தைப் பங்கிடும் கணக்கு அவர்களுக்கு நியாயமாக இருந்தாக வேண்டும்.

பங்கீட்டு விதியை 1993இல் ஜான் மேஜர் அரசு சட்டமாக்கியது. விற்பனையில் ஏறக்குறைய பாதி பரிசுக்கு, 12 சதவீதம் அரசு வரிக்கு, 5 சதவீதம் கடைக்காரருக்கு, அதே அளவு நடத்தும் நிறுவனத்துக்கு, 28 சதவீதம் பொதுநலனுக்கு. அந்த 28ஐக் கலை, விளையாட்டு, மரபுச் செல்வங்கள், அறக்கொடை, புத்தாயிரத்தைக் கொண்டாடும் திட்டங்கள் என்று ஐந்தாகச் சமமாகப் பிரித்தார்கள். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை அமைச்சர்கள் நேரடியாகத் தீர்மானிக்கவில்லை. கலை மன்றம் போன்ற தன்னாட்சி அமைப்புகள் விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்தன. இந்த இடைவெளி இன்றுவரை நிற்கிறது. பங்கீட்டில் எனக்குப் பிடித்த அம்சம் இது. தொகுதிக்கு ஒரு திட்டம் என்று ஆளுங்கட்சி தன் ஆட்களுக்கு அள்ளிவிட இது எளிதில் இடம்தராது.

தவறு வேறு இடத்தில் இருந்தது. ஆரம்ப விதிகளின்படி கலைக்கான பணம் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான். அதற்கும் விண்ணப்பிப்பவர் தன் பங்காக ஒரு தொகையைத் திரட்டிக் காட்ட வேண்டும். திரட்டத் தெரிந்தவர் யார்? நன்கொடையாளர்களும் வழக்கறிஞர்களும் விண்ணப்பம் எழுதும் ஆட்களும் உள்ள பெரிய நிறுவனங்கள். சுரங்கம் மூடி வேலை போன வட இங்கிலாந்து ஊரில் ஒரு இளைஞர் மன்றத்தால் அது முடியுமா? டிக்கெட் வாங்குவதில் முன்னால் நின்ற பழைய நிலக்கரிப் பகுதிகள் பணம் பெறுவதில் பின்தங்கியது இப்படித்தான். நியாயமான பங்கு கிடைக்காத ஊர்களுக்கென்று தனியாக ஒதுக்க ஒரு திட்டம் வந்தது 2000களின் தொடக்கத்தில்தான்.

பெரிய கட்டடங்கள் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். கைவிட்ட மின்நிலையம் ஒன்றை டேட் மாடர்ன் கலைக்கூடமாக்க லாட்டரி 5 கோடி பவுண்டு தந்தது. அங்கே நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க இன்றும் கட்டணம் இல்லை. கிரீன்விச்சில் எழுப்பிய மில்லேனியம் குவிமாடத்துக்குப் போன 62.8 கோடி பவுண்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1.2 கோடிப் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தவர்கள் சுமார் 65 லட்சம்.

1997இல் லேபர் ஆட்சி வந்ததும் பங்கீடு மாறியது. மறு ஆண்டுச் சட்டம் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழலுக்கென ஆறாவது தலைப்பைச் சேர்த்தது. மக்கள் கேட்டதும் அதுதான். ஓபராவை விட மருத்துவமனைக்குக் கொடு என்றார்கள். அந்த நிதியில் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி நடந்தது, மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் கருவிகள் வந்தன, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழம் கிடைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கேன் கருவி வாங்குவது வரிப்பணத்தின் வேலை. வரிப்பணம் செய்ய வேண்டியதை லாட்டரிப் பணம் செய்யக் கூடாது, அதற்கு மேல் உள்ளதைத்தான் செய்ய வேண்டும் என்பது 1993இல் கொடுத்த வாக்கு. அந்தக் கோட்டை அரசே தாண்டுகிறது என்று மேஜர் உள்பட பலர் கண்டித்தார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். வருமான வரியில் வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்கிறார். லாட்டரியில் அப்படி இல்லை. மருத்துவமனைச் செலவை முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்றினால், பாரம் ஓசைப்படாமல் கீழே இறங்குகிறது.

இதைவிட வெளிப்படையாக நடந்தது லண்டன் ஒலிம்பிக் விஷயம். செலவு எகிறியதும், 2007இல் லாட்டரி நிதியிலிருந்து மேலும் 67.5 கோடி பவுண்டை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அதில் 42.5 கோடி, தொண்டு அமைப்புகளுக்கும் சமூக வேலைக்கும் போக வேண்டியது. திருப்பிக் கொடுங்கள் என்று சிறு தொண்டு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தின. ஒலிம்பிக் பூங்கா நிலத்தை விற்றுக் கொடுப்போம் என்பதே கிடைத்த பதில்.

விளையாட்டில் வந்த மாற்றத்தை எண்களே சொல்லும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு ஒரே ஒரு தங்கம், படகுப் போட்டியில். பதக்கப் பட்டியலில் 36ஆம் இடம். மறு ஆண்டு முதல் லாட்டரிப் பணத்தை வீரர்களின் முழுநேரப் பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தரத் தொடங்கினார்கள். 2016 ரியோவில் 27 தங்கம், மொத்தம் 67 பதக்கம், இரண்டாம் இடம். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அது. ஆனால் பதக்கம் தரக்கூடிய விளையாட்டுக்குத்தான் பணம் என்பது அப்போது கறாரான விதியாக இருந்தது. லண்டன் நகரத் தெருக்களில் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்துக்கு 2014இல் உதவி நின்றது. பேட்மிண்டனில் ரியோவில் வெண்கலமே வாங்கினார்கள். சில மாதங்களில் அந்த விளையாட்டுக்கான ஒதுக்கீடு முழுவதும் போயிற்று. ஏழைப் பிள்ளை எளிதாகக் கையில் எடுக்கும் விளையாட்டைக் கைவிட்டு, படகும் குதிரையும் வாங்க முடிந்தவர்களின் விளையாட்டைத் தாங்கியது எனக்கு ஓபரா ஹவுஸ் விவகாரத்தின் மறுபதிப்பாகவே படுகிறது.

இன்றைய பங்கீட்டில் 40 சதவீதம் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல், அறக்கொடை எல்லாம் சேர்ந்த சமூக நிதிக்கு. கலை, விளையாட்டு, மரபு ஒவ்வொன்றுக்கும் 20. 1994 முதல் பொதுநலனுக்குப் போன மொத்தம் 5,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. நல்ல மாற்றம் தொகையின் அளவில்தான் நடந்திருக்கிறது. இன்று சமூக நிதி தரும் உதவிகளில் பெரும்பாலானவை சிறு தொகைகள். 300 பவுண்டுக்குக்கூட விண்ணப்பிக்கலாம். ஊர்க்கூடத்துக்குக் கூரை போட, முதியோர் மதிய உணவுக் குழு அடுப்பு வாங்க, தெருமுனைக் காலியிடத்தைத் தோட்டமாக்க இப்படிப்பட்ட சிறு உதவிகள் போதும். சொந்தப் பங்காகப் பெருந்தொகை காட்ட வேண்டியதில்லை. சர்ச்சில் காகிதம் வாங்கிய மரபு நிதியும் பொதுப் பூங்காக்களைச் செப்பனிட்டிருக்கிறது; பூங்காவுக்குப் போக யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

லண்டனில் ஈழத் தமிழர் நடத்தும் மூலைக்கடைகள் பலவற்றில் இந்த டிக்கெட் விற்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது பளிச்சென்று தொங்குவது சுரண்டல் லாட்டரி. குலுக்கல் டிக்கெட்டை விட அதில் பரிசுக்குப் போவது அதிகம், பொதுநலனுக்கு ஒதுங்குவது குறைவு. விற்பனை அந்தப் பக்கம் சாய்ந்ததன் விளைவு 2018இல் நாடாளுமன்றக் கணக்குக் குழு முன் வந்தது. 2009-10 முதல் 2016-17 வரை அப்போது லாட்டரியை நடத்திய கேம்லாட் நிறுவனத்தின் லாபம் 122 சதவீதம் கூடியிருந்தது. பொதுநலனுக்குப் போன பணம் கூடியது 2 சதவீதம் மட்டுமே.

2024 பிப்ரவரியில் உரிமம் ஆல்வின் நிறுவனத்துக்குக் கைமாறியது. பொதுநலனுக்குப் போகும் தொகை வளர்ந்தால்தான் நிறுவனத்தின் லாபமும் வளரும்படி புதிய உரிமத்தை எழுதியிருக்கிறார்கள். பொதுநலனுக்கு வாரத்துக்குப் போகும் 3 கோடி பவுண்டை பத்தாண்டு முடிவில் 6 கோடியாக்குவோம் என்று ஆல்வின் வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கூடுதல் 3 கோடி எந்த ஊர்களின் கல்லாவிலிருந்து வருகிறது, எந்த ஊர்களுக்குப் போகிறது என்பதை ஆண்டுதோறும் அருகருகே வைத்து வெளியிட வேண்டும் என்று உரிமத்தோடு ஒரு நிபந்தனையும் சேர வேண்டும்.